அழைப்பது பெங்களூரு, அனுமதிப்பது டெல்லி: பன்னாட்டு மாநாடுகளுக்கு அறிஞர்கள் வர முடியாமல் போவது ஏன்?

2024 பிப்ரவரி 23ஆம் தேதி லண்டனிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் வந்திறங்கிய பேராசிரியர் நிதாஷா கவுல் குடியேற்றச் சோதனையைத் தாண்ட முடியவில்லை. காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்தவர், பிரிட்டன் குடியுரிமை பெற்றவர், அங்கே வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர். அரசியல் சாசனமும் தேசிய ஒற்றுமையும் குறித்து அரண்மனை மைதானத்தில் 24, 25 தேதிகளில் நடக்கவிருந்த மாநாட்டுக்குக் கர்நாடக அரசே அவரை அழைத்திருந்தது. அழைப்புக் கடிதம் இருந்தது, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை எனப்படும் ஓசிஐ அட்டையும் இருந்தது. ஆனாலும் திருப்பி அனுப்பப்பட்டார். 'டெல்லியிலிருந்து உத்தரவு' என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் தனக்குச் சொல்லப்படவில்லை என்று அவர் பொதுவெளியில் எழுதினார். 2025இல் அவருடைய ஓசிஐ தகுதியும் ரத்தானது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள் எழுகின்றன. ஒரு மாநில அரசே அழைத்தவரை எப்படித் தடுக்க முடியும்? விசா இருந்தும் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? இது ஒருவர் இருவருக்கு நேர்ந்ததா, அல்லது ஏற்பாடே அப்படித்தானா? பெங்களூரிலும் டெல்லியிலும் தமிழ்த் துறைகள், சமூகவியல் துறைகள், சங்கங்கள் எல்லாம் ஆண்டுதோறும் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்துகின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்கும் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கேள்விகள் நேரடியாகத் தொடர்புடையவை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது பன்னாட்டு மாநாடு?

பேனரில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது விஷயமில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் கட்டுரை வாசிக்க வந்தாலே அனுமதிகள் பற்றிய கேள்வி தொடங்கிவிடுகிறது. ஐம்பது பேர் உட்காரும் கல்லூரி அரங்கில் நடக்கும் ஒருநாள் கருத்தரங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே ஒரு விரிவுரையாளர் வந்தாலும் இதுதான் நிலை.

யார் கையில் எந்த அதிகாரம்?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. கல்வி பொதுப் பட்டியலில் 25ஆவது இனம். 1976இல் கொண்டுவரப்பட்ட 42ஆவது திருத்தத்துக்கு முன்பு அது மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆக, ஒரு மாநில அரசோ மாநிலப் பல்கலைக்கழகமோ மாநாடு நடத்தத் தடை ஏதும் இல்லை. ஆனால் இந்தியாவுக்குள் ஒருவரை அனுமதிப்பதும் வெளியேற்றுவதும், கடவுச்சீட்டும் விசாவும், மத்தியப் பட்டியலின் 19ஆவது இனம். அயல்நாட்டவர் தொடர்பான அதிகாரம் 17ஆவது இனம். இவற்றில் மாநிலத்துக்குப் பங்கே கிடையாது.

கவுல் விவகாரத்தின் சட்ட முடிச்சு இவ்வளவுதான். மண்டபம் பிடிப்பது, பேச்சாளரை முடிவு செய்வது, விருந்தினராக நடத்துவது எல்லாம் பெங்களூரு. விமான நிலையத்தில் முத்திரை குத்துவது டெல்லி. விமான நிலையம் பெங்களூரில்தான் இருக்கிறது என்றாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் குடியேற்ற அதிகாரி மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வேலை செய்கிறவர். முதலமைச்சரே நேரில் போய் நின்றாலும் அவருக்கு உத்தரவிட முடியாது.

அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அயல்நாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் முழுமையானது, கட்டற்றது என்று 1955இலேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அதிகாரத்தின் வேர் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வந்த 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் புதிது, அதிகாரத்தின் அளவு பழையதுதான்.

ஓர் அழைப்புக் கடிதம் கடந்து போகும் வழி

எடுத்துக்காட்டாக, பெங்களூரில் ஒரு கல்லூரியின் தமிழ்த் துறை, 'கோலார் தங்கவயல் முதல் நேட்டால் வரை: தமிழ்த் தொழிலாளர் புலம்பெயர்வு' என்று இரண்டு நாள் மாநாடு நடத்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியைக் கையில் எடுத்த பிறகு வடஆற்காட்டுப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கே போயின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின், அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். கடல் தாண்டிப் போனவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டால் போய் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள். மலேசிய ரப்பர் தோட்டம், இலங்கைத் தேயிலைத் தோட்டம், மொரீசியஸ் கரும்புத் தோட்டம் பற்றி ஆய்வு செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வராமல் இந்த மாநாடு நடக்காது.

இனி ஏற்பாட்டாளர் செய்ய வேண்டியவை:

1. வருகிறவர் மாநாட்டு விசாவில் வர வேண்டும். இது தனி வகை. சில நாட்டவருக்கு இணையவழி மாநாட்டு விசா கிடைக்கும், மற்றவர்கள் தூதரகத்துக்குப் போக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை வாசித்தால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும்.

2. ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம் கட்டாயம். அதில் தலைப்பு, தேதி, இடம், நடத்தும் அமைப்பு, வருகிறவரின் பங்கு எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும்.

3. வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதல். இந்த மாநாட்டால் இந்தியாவின் அயலுறவுக்குச் சிக்கல் வருமா என்று பார்ப்பது இந்தப் படி.

4. சில சமயங்களில் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு அனுமதி. இது பாதுகாப்புக் கோணத்தில் தரப்படுவது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இராக், சூடான் நாட்டவரோ, பாகிஸ்தான் வம்சாவளியினரோ, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவரோ வருகிறார்கள் என்றால் இது வேண்டும். பங்கேற்பாளர்கள் தடைசெய்யப்பட்ட அல்லது பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் போவதாக இருந்தாலும் வேண்டும்.

5. வெளிநாட்டுப் பணம் வந்தால் கதை வேறு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நடத்துவது பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கத்துச் சங்கமாக இருந்தாலும் இதே விதிதான்.

மூன்றாவது, நான்காவது படிகளைக் கவனியுங்கள். கட்டுரை தரமானதா, ஆய்வுமுறை சரியா என்று பார்ப்பதற்கு அங்கே இடமே இல்லை. யார், எந்த நாடு, எந்தத் தலைப்பு என்பவைதான் கேள்விகள். ஆய்வுச்சுருக்கங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்த குழுவின் முடிவு ஒரு பக்கம், இந்தக் கோப்பின் முடிவு இன்னொரு பக்கம். இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்வதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான். மறுப்பு வந்தால் பாடத்துறையின் மொழியில் அதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

விசா கையில் இருந்தும் தடுக்கப்படுவது எப்படி?

விசா என்பது வாசல்வரை வர அனுமதி. உள்ளே விடுவதா என்பதைக் குடியேற்ற அதிகாரி தன் முன்னுள்ள கணினியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அந்தக் கணினியில் கறுப்புப் பட்டியல் இருக்கும், கண்காணிப்புச் சுற்றறிக்கைகள் இருக்கும். தன் பெயர் அதில் இருப்பது பல சமயம் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. தெரிவிக்கும் வழக்கம் இல்லை.

2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்தது இது. மானுடவியலாளர் பிலிப்போ ஒசெல்லா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேரளச் சமூகத்தை ஆய்வு செய்தவர். கடலோர மக்களின் வாழ்வு குறித்த மாநாட்டுக்கு வந்தவரை விமான நிலையத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள். 2025 அக்டோபரில் டெல்லியில் அதேபோல் திருப்பி அனுப்பப்பட்டவர் பிரான்செஸ்கா ஒர்சினி, இந்தி இலக்கிய வரலாற்றில் உலகறிந்த ஆய்வாளர். முந்தைய பயணங்களில் விசா நிபந்தனையை மீறியதால் அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தது என்று அரசுத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. அவரிடம் செல்லுபடியாகும் இணையவழி விசா இருந்தது. கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் விசாவை முன்பே ரத்து செய்து ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே? பல மணி நேரம் பறந்து வந்தவரை வாசலில் வைத்துத் திருப்புவதால் யாருடைய பாதுகாப்பு கூடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அட்டை இருந்தால் எதுவும் செய்யலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கையின்படி ஆய்வு, மதப் பரப்புரை, இதழியல் போன்றவற்றுக்கு அவர்களும் சிறப்பு அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிவிட்டுப் பெங்களூரில் மாமா வீட்டுக்கு வரும் தமிழ் ஆய்வாளர், அல்சூர்க் கோயில் திருவிழாவைப் பார்க்கலாம். அதைக் குறித்து ஆய்வுக் கள வேலை செய்ய வேண்டும் என்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

டெல்லி 2018: ஒரு நாடே விடுபட்ட மாநாடு

தனிநபர் தடுக்கப்படுவது ஒரு வகை. இன்னொன்று, ஒரு நாட்டினர் அனைவரும் விடுபடுவது. ஆசியவியல் ஆய்வுச் சங்கம் அமெரிக்காவில் இயங்கும் மிகப் பெரிய அமைப்பு. அது ஆசிய நாடுகளில் நடத்தும் மாநாடு 2018 ஜூலை 5 முதல் 8 வரை டெல்லியில், அசோகா பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடந்தது. பாகிஸ்தான் அறிஞர்களுக்கு அனுமதியில்லை என்று வெளியுறவு அமைச்சகம் தெரிவித்துவிட்டது. கட்டுரைகள் தேர்வான பிறகும் அவர்களால் வர முடியவில்லை. ஆசியா பற்றி நான்கு நாள் பேச வந்தவர்களில் தெற்காசியாவின் இரண்டாவது பெரிய நாடு இல்லை. ஏற்பாட்டாளர்கள் ஏன் முன்பே வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஏன் வேறு நாட்டுக்கு மாற்றவில்லை என்று உலகெங்குமிருந்து அறிஞர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அரசு மறுத்தது ஒரு செய்தி என்றால், அமைப்பு மௌனமாக இருந்தது இன்னொரு செய்தி.

இணையத்தில் நடத்தினால் தப்பிக்கலாமா?

விசாவே வேண்டாம், ஜூமில் பேசிவிடலாமே என்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். 2021 ஜனவரி 15இல் மத்தியக் கல்வி அமைச்சகம் அந்த வழிக்கும் பூட்டுப் போட்டது. அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்கள் இணையவழிப் பன்னாட்டு மாநாடு நடத்தவும் முன் அனுமதி பெற வேண்டும் என்றது அதன் உத்தரவு. நாட்டின் பாதுகாப்பு, எல்லை, வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக், இந்தியாவின் உள்விவகாரம் என்று தெளிவாகத் தெரியும் எதுவாயினும் தலைப்பாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது.

சாதி உள்விவகாரம்தானே? மொழிக் கொள்கை? காவிரி? கலாச்சார, சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய மாநாட்டில் உள்விவகாரம் அல்லாத தலைப்பு எது? எதிர்ப்பு முதலில் பலமாக வந்தது இயற்கை அறிவியல் பக்கமிருந்து. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியும் டெல்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதமியும் கடிதம் எழுதின. பிப்ரவரியிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நிறுவனங்கள் எழுந்து கேட்டால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் துறைத் தலைவர்கள் மனத்தில் விழுந்த பயம் உத்தரவோடு சேர்ந்து திரும்பிப் போய்விடுவதில்லை.

தமிழாய்வுக்கு இது ஏன் கூடுதலாக உறைக்க வேண்டும்?

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்த ஊர் சென்னையல்ல, மதுரையல்ல. 1964 ஜனவரியில் டெல்லியில் கூடிய 26ஆவது கீழ்த்திசையியல் அறிஞர் மாநாட்டுக்கு வந்தவர்கள் அங்கேயே தனியாகக் கூடித் தொடங்கியது அது. முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். இலங்கையில் பிறந்தவர், அப்போது மலேயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். முதல் தலைவரானவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா. அடிகளோடு செயலாளர் பொறுப்பேற்றவர் பிராகைச் சேர்ந்த கமில் சுவலபில். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. சுவலபில் கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து வந்தவர். அவர்களுக்கு டெல்லியின் கதவு திறந்திருந்ததால்தான் 1966இல் கோலாலம்பூரிலும் 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிஸிலும் உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தன.

1995இல் தஞ்சாவூரில் எட்டாவது மாநாடு. மன்றத்தின் தலைவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. ஈழத்திலிருந்து வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை மாநாட்டில் பங்கேற்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். சங்க காலத்திலிருந்து தமிழ் நாடக மரபுவரை எழுதியவர், தமிழ் இலக்கிய வரலாற்றை எப்படி எழுத வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர். ராஜீவ் கொலைக்குப் பிந்தைய ஆண்டுகள், புலிகள் மீது தடை, இலங்கைத் தமிழர் யாராக இருந்தாலும் சந்தேகம் என்ற சூழல், எல்லாம் உண்மை. ஆனாலும் தமிழ் பற்றிய மாநாடு, தமிழ்நாட்டில், தமிழறிஞர் ஒருவருக்குக் கதவடைத்தது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு அவர் வந்தார். இடையில் போன 15 ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை, அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

தமிழ் பேசுவோர் ஒரே நாட்டில் இல்லை. கன்னடம், மராத்தி ஆய்வரங்கில் வெளிநாட்டார் வந்தால் சிறப்பு. தமிழில் அவர்கள் வராவிட்டால் பாதி வரலாறே வராது.

அரசின் வாதம் என்ன?

எந்த நாடும் எல்லாரையும் உள்ளே விடுவதில்லை என்பது முதல் வாதம். அது சரிதான். நம் மாணவர்கள் பலருக்கு ஐரோப்பிய, அமெரிக்க மாநாடுகளுக்கு விசா மறுக்கப்படுவது வாடிக்கை. ஆய்வு என்ற பெயரில் வேறு வேலைக்கு வருகிறவர்களும் இருக்கலாம் என்பது இரண்டாவது. அதையும் மறுக்க முடியாது. கருத்துச் சுதந்திரம் தரும் 19(1)(அ) பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே என்பது மூன்றாவது.

மூன்றாவதில்தான் ஒரு விடுபடல் இருக்கிறது. வருகிறவர் வெளிநாட்டவர், கேட்கிறவர் இந்தியக் குடிமகன். பெல்ஜிய மார்க்சியர் எர்னஸ்ட் மாண்டலுக்கு விசா மறுத்த வழக்கில் 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அழைத்த பேராசிரியர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. நம் நீதிமன்றங்களும் தகவல் பெறும் உரிமையைப் பேச்சுரிமையின் பகுதியாகவே பார்த்து வந்திருக்கின்றன. எனவே 'அவருக்கு வர உரிமை இல்லை' என்பதோடு விவாதம் முடிந்துவிடாது. அழைத்தவருக்குக் காரணம் கேட்க உரிமை உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி. உண்டு என்பேன். ரகசியத் தகவலை வெளியிட வேண்டாம். எந்த விதியின்கீழ், எந்த வகைக் காரணத்தால் என்று ஒரு வரி எழுத்தில் தரலாம். அது இல்லாததால் என்ன நடக்கிறதென்றால், காரணம் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். 'காஷ்மீர்' தலைப்பிலிருந்து எடுபடுகிறது, 'அகதி' என்பது 'இடப்பெயர்வு' ஆகிறது, கராச்சிக்குப் போக வேண்டிய அழைப்பு எழுதப்படாமலே போகிறது. மறுக்கப்பட்டவர்கள் செய்தியில் வருகிறார்கள். அழைக்கப்படாமலே போனவர்களுக்குக் கணக்கு கிடையாது.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு

1. அனுமதி வேலையை நிகழ்ச்சி நிரலுக்கு முன்பே தொடங்குங்கள். விமான டிக்கெட்டைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மட்டும் போடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து இளம் விரிவுரையாளருக்கு டிக்கெட் பணம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகலாம்.

2. 'டூரிஸ்ட் விசாவில் வந்துடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இன்று கேட்காமல் விடலாம். அடுத்த முறை அதுவே நிபந்தனை மீறல் என்று கணினியில் நிற்கும், நஷ்டம் அவருக்குத்தான்.

3. வருகிறவர் ஓசிஐ அட்டைக்காரரா, பாகிஸ்தான் வம்சாவளியா, குடியுரிமை அற்றவரா என்பதை அழைப்புக்கு முன்பே நயமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கடைசி வாரத்தில் தெரியவந்தால் செய்ய ஒன்றும் இருக்காது.

4. ஒவ்வொரு வெளிநாட்டுக் கட்டுரைக்கும் இணையவழி மாற்று ஏற்பாட்டை முன்பே வைத்திருங்கள். தென்னாப்பிரிக்காவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், டொரன்டோ என்றால் பெங்களூரின் மாலை அமர்வுதான் ஒத்துவரும்.

5. அனுமதி மறுக்கப்பட்டால் அவர் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுக்காதீர்கள். 'அழைக்கப்பட்டார், நுழைவு அனுமதி கிடைக்கவில்லை' என்று பெயருக்குக் கீழே அச்சிடுங்கள், கட்டுரையைத் தொகுப்பில் சேருங்கள், அமர்வில் வேறு ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். இதற்கு எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் தேவையில்லை.